பழைய ராணுவ ஜீப்புக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி?

கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிக்கொண்டு குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் ஏறும் ஜீப்புகளைப் பார்த்து வளர்ந்த ஊர்கள் நம்முடையவை. இங்கே ஒருவர் கையில் ராணுவத்திலிருந்து வந்த ஜீப்போ, ராணுவத்துக்கென்றே செய்த ஜோங்கா வண்டியோ சிக்கினால், அதைப் பிறந்த நிறத்துக்கே கொண்டுவரத்தான் மனம் துடிக்கும். பெயின்ட் கடைக்குப் போகுமுன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து, வண்டி யார் பெயரில், எந்த நிறத்தில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

படி 1: எந்த நிறம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 121-ன்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது. தனியார் பெயரில் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது ஆகாது. மத்திய விதி என்பதால் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் அந்தப் பக்கம் கேரளத்திலும் இதே சட்டம்தான். வேறு நிறத்துக்கு மாறுவதென்றாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அனுமதி வாங்கி, ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அதற்காக வண்டி தன் சரித்திரத்தை இழக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படையினர் ஜீப்புகளை மணல் நிறத்தில் ஓட்டினார்கள். ஐ.நா. அமைதிப்படையின் வண்டிகள் வெள்ளை. ரோட்டில் ஓடப்போகும் வண்டிக்கு என் தேர்வு மணல் நிறம்தான். நம் மலைச்சாலைப் புழுதி அதில் பளிச்சென்று தெரியாது.

படி 2: அசல் நிறத்தைத் தேடுங்கள்

எந்த நிறம் அடிப்பதாக இருந்தாலும் இதைச் செய்யாமல் விடாதீர்கள். டேஷ்போர்டுக்கு அடியில், தகவல் தகட்டின் பின்னால், சீட் பிடிமானத்துக்குக் கீழே என வெயில் படாத இடங்களில் 400 நம்பர் வாட்டர் பேப்பரால் வட்டமாக மெதுவாகத் தேயுங்கள். மர வளையம் போல அடுக்கடுக்காக நிறங்கள் வெளிவரும். அடியில் பிரைமர் என்ற அடிப்பூச்சு, அதன்மேல் முதல் நிறம். ஈரத்துணியால் துடைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

1941 முதல் 1945 வரை வந்த வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. ஜீப்புகளுக்கு அடித்த ஆலிவ் டிராப் என்ற பழுப்புப் பச்சை, காவி மஞ்சளும் கறுப்பும் கலந்து பிறந்த நிறம். காட்சிக்கூடத்து வண்டிக்காக அதைக் கலக்கச் சொல்பவர்கள் இதை மறக்கக் கூடாது. பச்சைச் சாயத்திலிருந்து தொடங்கினால் இலைப்பச்சைதான் வரும். அமெரிக்க வண்ண எண்களில் முதல் இலக்கம் மினுமினுப்பைக் குறிக்கும்: 1 பளபளப்பு, 2 பாதிப் பளபளப்பு, 3 பளபளப்பே இல்லாத மேட். 34087, 24087 இரண்டும் ஒரே நிறம்தான், பளபளப்பு மட்டும் வேறு.

தேய்த்த அந்த இடத்தில் ஓர் அங்குலத்தை டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்து வருகிறவருக்கு அந்த வண்டியின் ஆதாரம் அதுதான்.

படி 3: உரித்தல்

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும். உலர்வாகத் தேய்க்காதீர்கள், மாஸ்க் இல்லாமலும் தொடாதீர்கள். சேசிஸுக்கும் வீலுக்கும் மணல் பிளாஸ்டிங் சரி. பானெட், பக்கத் தகடுகளுக்கு வேண்டாம், தகடு நெளிந்துவிடும். அங்கே பெயின்ட் ரிமூவரும் ஒயர் பிரஷும் போதும். துருவை முழுதாக எடுத்து, தின்னரால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிடுங்கள். குமுளி ஈரக்காற்றில் வெற்று இரும்பு ஒரு ராத்திரியிலேயே சிவந்துவிடும்.

படி 4: பிரைமர்

ரெட் ஆக்சைடு மலிவு. ஆனால் இந்த ஈரத்துக்கு இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர்தான் தாங்கும். டிங்கரிங் முடிந்த பள்ளங்களுக்குப் பட்டியை எபாக்சிக்கு மேல் மெல்லிசாக இடுங்கள். ராணுவ ஜீப் கார் மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டியதில்லை, வெல்டிங் தடம் தெரிவதுதான் அதற்கு அழகு.

படி 5: மேல் பூச்சு

என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் சீக்கிரம் காயும், ஆனால் ஈரக்காற்றில் வெளுத்துப் பூக்கும். பி.யூ. (பாலியூரித்தேன்) மேட் நீடித்து உழைக்கும். அதை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க் எதற்கும் உதவாது. காற்றுக் குழாய் இணைத்த மாஸ்க் இல்லையென்றால் இந்த வேலையைப் பெயின்டரிடம் கொடுத்துவிடுங்கள்.

நாள் பார்ப்பது பெரிய விஷயம். ஜூன், ஜூலையில் மேலே மலையில் மழை, கீழே கம்பம் பள்ளத்தாக்கில் புழுதிக்காற்று. ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். அப்போதும் பனி விலகித் தகடு வெதுவெதுப்பான பிறகே ஸ்பிரே கன்னை எடுங்கள்.

மேட் பெயின்ட்டில் பளபளப்பைக் குறைக்கும் தூள் டப்பாவின் அடியில் தங்கும். ஒவ்வொரு முறை ஊற்றுமுன்னும் அடிவரை கிளறுங்கள். 1.4 மி.மீ. நாசில், தகட்டிலிருந்து ஒரு சாண் தூரம், ஒவ்வொரு வீச்சும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். கனமாக ஒன்று அடிப்பதைவிட மெல்லிசாக மூன்று கோட், இடையில் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். கடைசிக் கோட்டில் ஒரு தகட்டின் நடுவில் நிறுத்தவே கூடாது. மேட் பூச்சில் கோடு விழுந்தால் பாலிஷ் போட்டு மறைக்க முடியாது, அந்தத் தகடு முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். பின்னாளில் வாக்ஸும் போடாதீர்கள், திட்டுத்திட்டாகப் பளபளக்கும்.

நட்சத்திரம், எண்களை ஸ்டென்சில் வெட்டி அடிக்கலாம். மேல்நோக்கிய அம்புக்குறி மட்டும் வேண்டாம், அது இந்திய ராணுவப் பதிவெண்ணின் அடையாளம். மிஞ்சிய பெயின்ட்டை ஹார்ட்னர் கலக்காமல் இறுக மூடி, கலவை விகிதத்தை டப்பாவிலேயே எழுதி வையுங்கள்.