சிறு விமானத் தரையிறக்கம்: விபத்தில் முடியும் தவறுகள்

சிறு விமானங்களுக்கு அதிகம் அடிபடுவது தரையிறங்கும்போதுதான். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்து இருக்காது. மூக்குச் சக்கரம் ஒடியும், புரொப்பெல்லர் தரையில் உரசும், விமானம் ஓடுபாதையை விட்டு விலகிப் புல்லில் போய் நிற்கும். காரணத்தைத் தேடினால், சக்கரம் தரையைத் தொட்ட நொடியில் அது இருப்பது அபூர்வம். அதற்கு ஒரு நிமிடம் முன்பு, ஓடுபாதைக்கு நேராக இறங்கிவரும் கடைசிக் கட்டமான ஃபைனலில் என்ன வேகத்தில் வந்தார்கள் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை; ஸ்டால் என்பது இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது. இறங்கும் ஃபிளாப் நிலையில் ஸ்டால் வேகம் எவ்வளவோ, அதைப்போல 1.3 மடங்கில் வர வேண்டும் என்பது பொது விதி. நான்கு இருக்கைச் சிறு விமானமான செஸ்னா 172-இல் முழு ஃபிளாப்புடன் அது 60 முதல் 65 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்) வரை வரும். 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று 75 நாட்டில் வருவதுதான் மிகப் பரவலான தவறு. தரையிறங்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் 10 சதவீதம் கூடினால் தூரம் சுமார் 21 சதவீதம் நீளும். காற்று விட்டுவிட்டு வீசினால் மட்டும், உச்சத்துக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதியைச் சேர்க்கலாம். 12 நாட் காற்று இடையிடையே 20-ஐத் தொட்டால் 4 நாட் போதும்.

கூடுதல் வேகத்தோடு ஃபிளேர் செய்தால் (தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி இறக்கத்தைத் தணித்தால்) விமானம் இறங்காமல் மிதக்கும். ஓடுபாதை குறைந்துகொண்டே வருவதைப் பார்த்துப் பொறுமை இழந்து, கண்ட்ரோலை முன்னால் தள்ளி வலுக்கட்டாயமாக இறக்கப் பார்ப்பார்கள். அப்போது மூக்குச் சக்கரம் முதலில் மோதும். மோதிய வேகத்தில் மூக்கு மேலே எகிற, இறக்கை மறுபடி தூக்க, விமானம் துள்ளும். துள்ளியதும் மறுபடி தள்ளுவார்கள். ஆனால் கை எதிர்வினை காட்டுவதற்குள் மூக்கு தானாகவே கீழே வரத் தொடங்கியிருக்கும்; தள்ளியது அதனுடன் சேர்ந்து, அடுத்த மோதல் முந்தையதைவிடப் பலமாகும். மூன்றாவது துள்ளலுக்குள் பெரும்பாலும் ஏதாவது உடைந்துவிடும். செஸ்னா 172-இல் மூக்குச் சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஸ்ட்ரட், எஞ்சினுக்குப் பின்னுள்ள தடுப்புத் தகடான ஃபயர்வாலில் பொருத்தப்பட்டிருக்கும். வெளியே எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், எஞ்சின் மூடியான காவ்லிங்கைக் கழற்றினால் ஃபயர்வால் தகடு நெளிந்து ரிவெட்டுகள் இழுபட்டிருப்பதைக் காணலாம்.

துள்ளல் சிறிதென்றால் தரையிறங்கும் நிலையை அப்படியே பிடித்து, சற்றே த்ராட்டில் (எஞ்சின் விசை) கொடுத்து, தானாக அமர விட வேண்டும். பெரிதென்றால் இறங்குவதைக் கைவிட்டு மறுபடி ஏறும் கோ-அரவுண்டுதான், அங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

அந்தக் கோ-அரவுண்டையும் பலர் தவறாகச் செய்கிறார்கள். இறங்குவதற்காக ட்ரிம் (கண்ட்ரோலைப் பிடிக்கும் கையின் பளுவைக் குறைக்கும் அமைப்பு) மூக்கை மேலே தூக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். த்ராட்டிலை முழுதாகக் கொடுத்ததும் மூக்கு எகிறும், கூடவே இடப்பக்கம் திரும்பும். முன்னால் அழுத்திப் பிடித்து, வலது ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் கால்மிதியை) மிதிக்காவிட்டால் தரைக்கு அருகிலேயே ஸ்டால். செஸ்னா 172-இல் முழு த்ராட்டில், கார்ப் ஹீட் (கார்புரேட்டரில் பனி படியாமல் சூடாக்கும் அமைப்பு) இருந்தால் அதை நிறுத்துவது, ஃபிளாப்பை உடனே 20 டிகிரிக்குக் கொண்டுவருவது. மீதியை விமானம் ஏறத் தொடங்கி, வேகம் கூடிய பிறகு படிப்படியாக. ஒரேயடியாக மடக்கினால் விமானம் கீழே அமிழும்.

உயிரைப் பறிப்பது, ஓடுபாதைக்குக் குறுக்காக வரும் கட்டமான பேஸிலிருந்து ஃபைனலுக்குத் திரும்பும் திருப்பம். காற்று தள்ளியதால் ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும், சாய்வைக் கூட்டப் பயந்து உள்பக்க ரட்டரை மிதித்து மூக்கை இழுப்பார்கள். சறுக்கியபடி திரும்பும் விமானத்தில் உள்பக்க இறக்கைதான் முதலில் ஸ்டால் ஆகும், உடனே ஸ்பின், அதாவது சுழன்றபடி விழுதல். அங்கே உயரம் சுமார் 500 அடிதான் இருக்கும், மீள இடமில்லை. உயரம் குறையாத திருப்பத்தில் 30 டிகிரி சாய்வு ஸ்டால் வேகத்தை 7 சதவீதம்தான் கூட்டும்; 45 டிகிரியில் 19, 60-இல் 41 சதவீதம். 30-ஐத் தாண்டாமல் கோட்டைப் பிடிக்க முடியவில்லையென்றால் விட்டுவிட்டு மறுசுற்று வர வேண்டும்.

பக்கக்காற்றை மனக்கணக்காகவே போடலாம்: ஓடுபாதைக்கு 30 டிகிரியில் வீசினால் காற்று வேகத்தில் பாதி, 45-இல் 0.7 பங்கு, 60-இல் கிட்டத்தட்ட 0.9 பங்கு. சக்கரம் தொட்டதும், விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகையான எய்லரானைத் தளர்த்திவிடுவதே இங்கே நடக்கும் தவறு. வேகம் குறையக் குறைய எய்லரானின் பலமும் குறையும். ஆகவே காற்று வரும் பக்கமாக மேலும் மேலும் திருப்பி, கடைசியில் முழுதாகப் பிடிக்க வேண்டும். வால் சக்கர விமானத்தில் எடை மையம் பிரதான சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், வால் சற்று விலகினாலே சுழன்றுவிடும்; அங்கே டாக்ஸி (தரையில் ஊர்ந்து செல்வது) முடியும்வரை கால்கள் ஓயக் கூடாது.

பின்காற்றை அலட்சியம் செய்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். செஸ்னா 172 கையேட்டின்படி 9 நாட் எதிர்க்காற்றுக்குத் தூரம் 10 சதவீதம் குறையும்; ஆனால் வெறும் 2 நாட் பின்காற்றுக்கே 10 சதவீதம் கூடும். காய்ந்த புல்தரையில் உருளும் தூரத்தில் 45 சதவீதத்தைச் சேர்க்க வேண்டும்.

குறுகலான ஓடுபாதையும், எதிர்முனை மேடான ஓடுபாதையும் நாம் அதிக உயரத்தில் இருப்பதுபோல் காட்டும். அதை நம்பினால் தாழ்வாக வந்து முனைக்கு முன்பே இறங்குவோம். மடங்கும் சக்கரமுள்ள விமானத்தில் சக்கரம் இறங்கிப் பூட்டியதை ஃபைனலில் இன்னொரு முறை பார்ப்பதும், ஓடுபாதையை விட்டு விலகி நிற்கும்வரை எந்த நெம்புகோலையும் தொடாமல் இருப்பதும் நல்லது. ஃபிளாப் என்று நினைத்துச் சக்கரத்தை மடக்கியவர்கள் உண்டு.

புரொப்பெல்லர் தரையைத் தொட்டிருந்தால், எஞ்சின் சீராக ஓடுகிறதே என்று மறுபடி பறக்கக் கூடாது. அடியின் அதிர்ச்சி எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க்ஷாஃப்ட்டுக்குப் போயிருக்கும். எஞ்சினைப் பிரித்துச் சோதித்த பிறகே அது பறக்கத் தகுதியானதா என்று சொல்ல முடியும்.