ஆண் பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால் முதலில் காதில் விழுவது "என்ன எழுத்து வந்திருக்கு?" என்ற கேள்விதான். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. ரோகிணி என்றால் ஒ, வ, வி, வு. எழுத்து தெரிந்ததும் எல்லாரும் கைப்பேசியில் பட்டியல் தேடத் தொடங்கிவிடுவார்கள். எழுத்துப் பார்ப்பதைத் தவறென்று சொல்ல மாட்டேன். என் பிள்ளைகளுக்கும் பார்த்துத்தான் வைத்தோம். ஆனால் அந்தப் பெயர் பிறப்புப் பத்திரத்திலும் அடையாள அட்டையான மைகார்டிலும் பாஸ்போர்ட்டிலும் ரோமன் எழுத்தில்தான் இருக்கப் போகிறது. அதை வாசிப்பவர்களில் பலர் மலாய் உச்சரிப்பில் வாசிப்பவர்கள். இதை யோசிக்காமல் விடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு.

மதி என்று ஆசையாக வைக்கிறோம். கிளினிக்கில் தாதி அதை 'மாத்தி' என்று கூப்பிட்டால், மலாயில் இறந்துபோவது என்று பொருள். பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதில் இது விளையாட்டாக இருக்காது. மதிவாணன், மதியழகன் என்று முழுப் பெயராக வைத்து வீட்டில் மதி என்று கூப்பிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அதேபோல்தான் பாரி. முல்லைக்குத் தேர் கொடுத்த வள்ளலின் பெயரை ஒரே ஒரு 'ஏ' போட்டு எழுதினால் மலாயில் திருக்கை மீன். 'ஏ' இரண்டு போட்டு எழுதுங்கள். பெயரை முடிவு செய்வதற்கு முன் ஒரு தாளில் எழுதி, பக்கத்து வீட்டு மலாய்க்காரரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

ழகரத்துக்கும் ஒரு வார்த்தை. எழிலன் என்ற பெயரில் 'இசட்', 'எச்' போட்டால் நம்மவர் அல்லாதவர்கள் 'எசிலன்' என்பார்கள். என் யோசனை, 'எல்' போட்டே எழுதிவிடுங்கள். ழகரத்தை வீட்டில் வாயால் சொல்லிக் கொடுங்கள்.

அடுத்தது எண் கணிதம். கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும் என்று நடுவில் ஒரு 'எச்', கடைசியில் இரண்டு 'என்' என்று சேர்க்கிறோம். நான் தமிழ்ப்பள்ளியில் பாடம் எடுத்தவன். வருகைப் பதிவேட்டில் ஒரே வகுப்பில் கிஷ்வின், யஷ்வின், தர்ஷ்வின், லோஷ்வின் என்று வரிசையாக வரும். எதில் எத்தனை 'எச்' என்று பிள்ளைகளுக்கே குழம்பும். சோதனைப் பாரத்தில் ஒரு மாதிரி, வங்கிப் புத்தகத்தில் வேறு மாதிரி. அதைவிட எனக்கு வருத்தம் தருவது, "உன் பேருக்கு என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டால் பிள்ளை முழிப்பது. தோட்டத்து லயத்தில் வளர்ந்த பாட்டிக்கு அந்தப் பெயர் வாயில் நுழையாது. அவர் கடைசிவரை "தம்பி, தம்பி" என்றே கூப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பாட்டி வாயில் வராத பெயரை வைக்காதீர்கள்.

எங்கள் சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த, மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தனின் பெயரைப் பாருங்கள். திருஞானசம்பந்தர் பெயர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாலைப் பலகையில் அந்தப் பெயரை எல்லா இனத்தாரும் வாசித்துக்கொண்டு போகிறார்கள்.

பழைய பெயர் வேண்டாம், கேலி செய்வார்கள் என்று தாத்தா பெயரை ஒதுக்குவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. 2006-இல் தேசியப் பதிவிலாகா தகாத பெயர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டியில் கருப்புசாமியும் இருந்ததாகச் செய்தி வந்தபோது மனசு கனத்தது. எத்தனை தோட்டங்களில் அவர் காவல் தெய்வம்! பொருத்தமில்லாத பெயர் என்று பதிவதிகாரி கேள்வி எழுப்பக்கூடும். அப்போது தலையாட்டிவிட்டு மாற்றாமல், பெயரின் பொருளைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம், பிள்ளையின் பெயரைப் பத்து முறை பார்க்கும் நாம் அப்பா பெயரை ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. இங்கே நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. 'அனாக் லெலாகி' என்பதன் சுருக்கமான 'ஏ/எல்'-க்குப் பின்னால் வரும் அப்பா பெயர்தான் பிள்ளையை வீட்டோடு கட்டுகிறது. என் அப்பா பெயர் அக்காவின் பத்திரத்தில் லெச்சுமணன், என்னுடையதில் லட்சுமணன். யார் எழுதினார்களோ, அவர்கள் காதில் விழுந்தபடி எழுதிவிட்டார்கள். அப்பா இறந்த பிறகு வீட்டைப் பெயர் மாற்றப் போனபோது, இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று சத்தியப் பிரமாணம் செய்து, பல நாள் அலைந்தோம். எங்கள் அப்பாவை எங்கள் அப்பா என்று நாங்களே நிரூபிக்க வேண்டியிருந்தது.

தீபகற்ப மலேசியாவில் பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். முப்பதாம் நாள் சடங்கு முடிந்து, பெரியவர்கள் இழுபறியில் இன்னும் இரண்டு வாரம் போனாலும் நேரம் இருக்கும். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள். அவசரத்தில்தான் எழுத்து தவறும். முகப்பில் தாளை நீட்டும்போது கையெழுத்து போடாமல் ஓரமாக உட்காருங்கள். அப்பாவின் மைகார்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள், ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்க்க. பின்னால் வரிசை நின்றால் நிற்கட்டும்.