வரிசை மாறாத வரவுசெலவு: வேதாகமத்தின் வழியில் வீட்டுப் பணத்தை நிர்வகிப்பது எப்படி?

கிறிஸ்தவக் குடும்பங்களில் பணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு வசனங்கள்தாம் முதலில் வந்து நிற்கும். பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேர் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியது ஒன்று. தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவந்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்னும் மல்கியாவின் வாக்கு மற்றொன்று. முதல் வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் கணக்குப் பார்ப்பதையே ஆவிக்குரிய குறைவாக எண்ணுகிறார்கள். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டவர்கள் காணிக்கையை ஒரு முதலீடாகவே கருதத் தொடங்குகிறார்கள். மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதற்கு வேதாகமம் தரும் நடைமுறை ஒழுங்கு இவ்விரு சாராருக்கும் எட்டாமல் போகிறது.

அந்த ஒழுங்கு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் 2 இராஜாக்கள் 4ஆம் அதிகாரம். கணவனை இழந்த ஒரு பெண்ணின் இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ளக் கடன் கொடுத்தவன் வந்திருக்கிறான். ஒரு குடம் எண்ணெய் பெருகிய அற்புதத்தைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஆனால் அற்புதம் முடிந்தபின் எலிசா அவளுக்குச் சொன்னது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. எண்ணெயை விற்று, கடனைத் தீர்த்து, மீந்ததைக்கொண்டு பிள்ளைகளோடு ஜீவனம்பண்ணச் சொல்கிறார். நம் வீடுகளில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கிறது: முதலில் செலவு, மீந்தால் கடன்.

ஆகவே முதற்படி, கணவனும் மனைவியும் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து கணக்கெழுதுவது. கோபுரம் கட்ட நினைப்பவன் முன்னதாக உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானோ என்று இயேசு கேட்டது (லூக்கா 14:28) சீஷத்துவத்தைக் குறித்தே என்றாலும், கணக்குப் பார்ப்பதை அறிவுள்ள எவனும் செய்யும் காரியமாக அவர் எடுத்துக்கொள்வதைக் கவனிக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரவை ஒரு பக்கமும் கடன்களை எதிர்ப்பக்கமும் எழுதுங்கள். வங்கிக் கடன் மட்டுமன்றி நகைக்கடன், உறவினரிடம் வாங்கிய கைமாற்று, மளிகைக்கடைப் பாக்கி, முன்கூட்டியே எடுத்த சீட்டுக்கு இன்னும் கட்ட வேண்டிய தவணை ஆகிய எல்லாமே அதில் வர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆண்டு வட்டியை எழுதுங்கள். ‘மூன்று வட்டி’ என்று வாயால் சொல்லும்போது சிறிதாகத் தோன்றுவது, காகிதத்தில் ஆண்டுக்கு 36 விழுக்காடாக நிற்கும். மூன்று வட்டிக்கு வாங்கிய 1 லட்சம் ரூபாய்க்கு மாதம் 3,000 ரூபாய் கட்டி வந்தால், மூன்று ஆண்டுகளில் 1,08,000 ரூபாய் கொடுத்தபின்னும் அசல் அப்படியே இருக்கும். கடன் வாங்கினவன் கடன் கொடுத்தவனுக்கு அடிமை என்று நீதிமொழிகள் 22:7 சொல்வதை இந்தக் கணக்கு நன்றாகவே விளக்கிவிடுகிறது.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்றால், வட்டி மிகுந்ததை அடைப்பதே நல்லது. பீரோவில் நகை இருக்கும்போது வெளியில் மூன்று வட்டிக்குப் பணம் வாங்கியிருந்தால், அந்த நகையை வங்கியில் குறைந்த வட்டிக்கு அடகு வைத்தோ, விற்றோ வெளிக்கடனை முடித்துவிடலாம். நகையை விற்பது கௌரவக் குறைச்சலாகத் தோன்றும் என்பது உண்மைதான். மாதந்தோறும் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது அதைவிட எப்படிக் கௌரவமாகும் என்று எனக்கு விளங்கவில்லை. இதோடு, நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டிய கூலியும் கடன்தான். கூலிக்காரனின் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19:13 கட்டளையிடுவதால், வீட்டு வேலைக்கு வருபவரின் சம்பளமும் கொத்தனாரின் பாக்கியும் நம் வசதிக்காகத் தள்ளிப்போடத் தக்கவையல்ல.

அடுத்தது காணிக்கை. மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் முக்கியமாக நிலத்தின் விளைவிலும் கால்நடைகளிலும் கணக்கிடப்பட்டது. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் எந்த விகிதத்தையும் குறிப்பிடாமல், வரவுக்குத் தக்கதாக வாரத்தின் முதல்நாளில் எடுத்துவைக்கும்படியும், விசனமாயும் கட்டாயமாயும் அல்லாமல் மனதில் நியமித்தபடியே கொடுக்கும்படியும் சொல்கிறார். பத்தில் ஒன்று கட்டாயமா இல்லையா என்பதில் சபைகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. எப்படியிருந்தாலும், மாதத் தொடக்கத்திலேயே ஒரு தொகையை நிச்சயித்துத் தனி உறையில் எடுத்துவைப்பது இரண்டு கருத்துக்கும் பொருந்தும். கடன் வாங்கிக் காணிக்கை செலுத்துவதையோ, பொருத்தனைக்காக (நேர்ந்துகொண்டதைச் செலுத்துவதற்காக) வட்டிக்குப் பணம் புரட்டுவதையோ வேதம் எங்கும் கேட்கவில்லை. காணிக்கைப் பொருள்களைச் சபையில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் உற்சாகமாகக் குரல் உயர்த்தி ஒரு பலாப்பழத்தை எடுத்துவிட்டு, அடுத்த பண்டிகை வரை பாக்கியை இழுத்தடிப்பதும் காணிக்கையில் சேராது.

இதைவிடக் கடுமையான எச்சரிக்கை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தகப்பனுக்கும் தாய்க்கும் செய்ய வேண்டிய உதவியைக் ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி நிறுத்திக்கொள்வதை இயேசு வெளிப்படையாகக் கண்டிக்கிறார். வயதான பெற்றோரின் மருந்துச் செலவை உடன்பிறந்தோர் தலையில் கட்டிவிட்டு ஊழியங்களுக்கு அள்ளிக் கொடுப்பவர் இந்தப் பகுதியை ஒருமுறை வாசிப்பது நல்லது. ‘ஆயிரம் விதைத்தால் லட்சமாய் அறுப்பீர்கள்’ என்று சொல்லிக் காணிக்கை கேட்பவர்களிடமும் சற்று எட்டவே நில்லுங்கள்.

சேமிப்புக்கு வருவோம். எகிப்தின் ஏழு செழிப்பான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துவைக்க யோசேப்பு ஆலோசனை சொன்னார் (ஆதியாகமம் 41:34). களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவானும் சேர்த்துவைத்தவன்தான். ஆனால் அவன் திட்டத்தில் அவனைத் தவிர வேறொருவருக்கும் இடமில்லை, யோசேப்பின் களஞ்சியத்திலோ பஞ்சத்தில் தேசமே சாப்பிட்டது. வெளிக்கடன் தீரும் வரை சிறு தொகையும், தீர்ந்தபின் ஐந்தில் ஒரு பங்கை நோக்கியும் சேமிப்பை உயர்த்தலாம். ஆறு மாதக் குடும்பச் செலவுக்குரிய பணம் வங்கியில் சேரும் வரை வேறு முதலீட்டைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

முதலீட்டில் இரண்டு வசனங்கள் போதும். கைப்பாடாய், அதாவது உழைத்து, சேர்க்கிறவன் விருத்தியடைவான் என்பது நீதிமொழிகள் 13:11. ஏழு பேருக்கும் எட்டுப் பேருக்கும் பங்கிட்டுக் கொடு, பூமியின்மேல் என்ன ஆபத்து நேரிடுமோ உனக்குத் தெரியாது என்பது பிரசங்கி 11:2. பலர் இந்த இரண்டாம் வசனத்தைத் தர்மத்துக்கும் சிலர் வியாபாரத்துக்கும் பொருத்துவார்கள்; முதலீட்டுக்குப் பொருத்தினால், எல்லாப் பணத்தையும் ஒரே இடத்தில் போடாதே என்று பொருள். மாதம் பத்து விழுக்காடு லாபம் தருவதாகச் சொல்லும் திட்டம், அதைக் கொண்டுவருபவர் ஒவ்வொரு ஞாயிறும் நம் பக்கத்து இருக்கையில் அமர்பவராக இருந்தாலும், மறுக்கத்தக்கதே. சபைக்குள் நிலவும் நம்பிக்கையே இத்தகையோரின் மூலதனம். வங்கி வைப்புத்தொகைக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. தனியார் நிதி நிறுவனத்தில் போடும் பணத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை.

பிணைக் கையெழுத்தைப் பற்றி நீதிமொழிகள் காட்டும் கண்டிப்பு வியப்பளிக்கும். பிணைப்பட்டிருந்தால், வேட்டைக்காரன் கையிலிருந்து வெளிமான் தப்புவதுபோல் உடனே தப்புவித்துக்கொள் என்கிறது 6ஆம் அதிகாரம். சகோதரர் ஒருவருக்கு உதவ வேண்டுமானால், இழந்தாலும் வருந்தாத ஒரு தொகையைக் கையில் கொடுத்துவிடுவது கையெழுத்துப் போடுவதைவிட மேல். வீடு கட்டுவதிலும் இதே நிதானம் வேண்டும்: வெளியில் உன் வேலையை எத்தனப்படுத்தி (ஆயத்தப்படுத்தி), வயலில் அதை ஒழுங்காக்கி, பின்பு உன் வீட்டைக் கட்டு என்கிறது 24:27. நிலையான வருமானம் முதலில், வீட்டுக்கடன் அதற்குப் பிறகு.

கடைசியாக உயில். நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான் என்று வேதம் சொல்வதை விரும்பிக் கேட்கும் நாம், அதை எழுதிவைக்கத் தயங்குகிறோம். இந்தியக் கிறிஸ்தவர் உயில் எழுதாமல் இறந்தால், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும், மீதி மகன் மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்கும் தகப்பனுக்கும் பங்கு கிடையாது. தாயை ஆதரித்துவரும் மகன் உயிலில் அவருக்கென்று எழுதிவைக்காவிட்டால், அவர் பேரப்பிள்ளைகளின் தயவில்தான் இருக்க நேரிடும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் எழுதிய பங்கு கிறிஸ்தவர் விஷயத்தில் செல்லாது என்பதால், பங்கு பெறாத இருவரைச் சாட்சியாக வையுங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு தானாகவே ரத்தாகிவிடுகிறது. ஆகவே திருமணமானவர் அதை மீண்டும் எழுத வேண்டும்.