கலைமுகாம் வீடியோவில் எதை வெட்டுவது, எதை விடுவது

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கம் கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்குக் கலைமுகாம் நடத்துகிறவர்கள், போன வருடம் எடுத்ததையெல்லாம் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்து, இந்த வருடத்துக்கு ஒரு விளம்பர வீடியோ வேண்டும் என்பார்கள். திறந்து பார்த்தால் பெரும்பாலும் நிறைவு நாள் மேடைதான்: குத்துவிளக்கு, பொன்னாடை, குழு போட்டோ. அதைத் தனி ஃபோல்டரில் ஒதுக்கிவிடுங்கள். பார்க்கப்போவது பெற்றோர். ‘நம்ம பையனுக்கு இதெல்லாம் வருமா?’ என்பதுதான் அவர்கள் யோசனை, அதற்கான பதில் பயிற்சி நேரத்தில் எடுத்த துண்டுகளில்தான் கிடைக்கும்.

பறை வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவது, விரலால் தட்டிப் பார்ப்பது, ஒரு பெண் முதல் நாள் அடிக்கும்போது சிண்டுக்குச்சி என்கிற மெல்லிய குச்சி நழுவி அடி பிசகுவது, கடைசி நாள் அதே பெண் குச்சியைப் பார்க்காமலே அடிப்பது. கடைசி இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். பிசகிய அடியை எடுத்துவிடச் சொல்லி ஏற்பாட்டாளர்கள் கேட்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள், அது போனால் அடுத்த காட்சிக்கு மதிப்பே இல்லை. ஆனால் அந்தப் பெண்ணிடம் முதலில் காட்டிக் கேளுங்கள், கூச்சப்பட்டால் வேறு துண்டு பார்க்கலாம். முகம் தெரிகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் பெற்றோரின் எழுத்து அனுமதி வேண்டும். தெருக்கூத்து வகுப்பிலும் இதே கணக்குதான்: அரிதாரம் பூசும்போது கண்ணை இறுக மூடியிருக்கும் முகம், கிரீடத்தின் கனத்தில் சாயும் கழுத்து.

வேலூர்க் கோட்டையை டிரோனில் எடுத்துத் தொடக்கத்தில் வைக்கலாமா என்று கேட்பார்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. தவிர, அதைப் பார்த்து யாரும் பிள்ளையைச் சேர்ப்பதில்லை.

சரி, ஒலிக்கு வருவோம், பாதி வேலை இங்கேதான். சினிமாப் பாட்டு வேண்டாம், யூடியூபில் காப்புரிமைச் சிக்கல் வரும், பிள்ளைகள் அடித்ததும் காதில் விழாது. அவர்கள் வாசித்ததிலேயே ஒரு நிமிடம் தடையில்லாமல் ஓடும் பகுதியை எடுத்து, துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் அடியில் போடுங்கள், அந்தத் தாளத்துக்கு மேலே படத்தை வெட்டுங்கள். பறைக்குப் பக்கத்தில் வைத்த போன் என்றால் சத்தம் அளவு மீறி, ஒலி அலையின் தலை மட்டமாக வெட்டுப்பட்டிருக்கும். அதைச் சரிசெய்து மீட்பது கடினம், தூரத்தில் நின்று எடுத்தவரின் பதிவைத் தேடுவதே மேல். யாராவது பேசும் இடத்தில் பறையைக் குறைத்துவிட்டு, ஹெட்போனில் இல்லாமல் போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், பேச்சு புரிகிறதா என்று.

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதற்குப் போதும், வாட்டர்மார்க் வராது. போனில் எடுத்த வீடியோவில் பிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, ஏறி இறங்கும், அதனால் போகப் போக உதடும் குரலும் விலகும். முதலிலேயே ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடினால் எடிட்டிங்கில் முழுசாகப் போகாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஆகவே அடுத்த முறை எடுக்கிறவரிடம் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைக்கச் சொல்லுங்கள்.

தமிழ் எழுத்துப் போடும்போது சில ஆப்களில் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ உடைந்து நிற்கும். யூனிகோட் எழுத்துருவில் வேறு எங்காவது தட்டி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகக் கொண்டுவந்து ஒட்டிவிடுங்கள். தேதி, இடம், வயது, கட்டணம், போன் நம்பர், எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், இவ்வளவும் கடைசி அட்டையில் வந்தால் போதும், ஆனால் ஐந்து நொடியாவது நிற்கட்டும்.

மொத்தம் ஒரு நிமிடம், 1080க்கு 1920 என்று நெட்டுவாக்கில். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் சுருக்கி மங்கலாக்கிவிடும். அட்டை இல்லாத ஒரு பிரதியையும் எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் தேதியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.