உளவாளியை மட்டக்களப்புக்குக் கூட்டிவருவது எப்படி?

வேலை போன உளவாளி ஒருவன் தனியார் துப்பறிவாளன் ஆகிறான். இந்தக் கதையை நம்ம ஊரில் வைத்து, நாலு கூட்டாளிகளோடு போனிலேயே படம் பிடித்து யூடியூப்பில் போட நினைக்கிறீர்களா? முதலில் 'பேர்ன் நோட்டீஸ்' என்ற அமெரிக்க டிவி தொடரைப் பாருங்கள். 2007 முதல் 2013 வரை 7 சீசன், 111 எபிசோட் ஓடியது, முதல் சீசன் பார்த்தாலே போதும். மைக்கேல் வெஸ்டன் என்ற உளவாளியை நைஜீரியாவில் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே கைகழுவி விடுகிறார்கள். வங்கிக் கணக்கும் முடங்கிப்போக, சொந்த ஊரான மயாமியில் வந்து கிடக்கிறவன் வயிற்றுப்பாட்டுக்காக ஊர்ச்சனத்தின் பிரச்சினைகளைக் கையில் எடுக்கிறான்.

அதில் அடிதடியை விட அவனுடைய அம்மாவைத்தான் நான் ரசித்தேன். எவ்வளவு பெரிய உளவாளியும் அம்மாவின் போனுக்குப் பயப்படத்தானே வேண்டும்? நமக்கு இதைவிட நல்ல வசதி இருக்கிறது. இங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், அதனால் திரும்பி வருகிறவன் அக்கா வீட்டு விறாந்தையில்தான் படுக்கவேண்டும், அத்தான் வேறு ஒரு மாதிரிப் பார்ப்பார். இரவு இரண்டு மணிக்கு மதில் ஏறிக் குதிக்கிறான், ஒரு சத்தமில்லை, உள்ளே இருந்து அக்கா: "சோறு மூடி வச்சிருக்கு, பூனை தட்டமுதல் தின்."

ஒன்றை மட்டும் யோசித்துச் செய்யுங்கள். 'புலனாய்வு' என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இங்கே குறைவு. 2009இல் யுத்தம் முடிந்தாலும் கதவு தட்டும் சத்தத்துக்குத் திடுக்கிட்டு எழும்பும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். அதனால் நாயகனை இங்கே எந்தப் பக்கத்துக்கும் வேலை செய்தவனாக ஆக்கவேண்டாம். எங்கோ வேறு நாட்டுக்காரனுக்குச் செய்தான், ஊரோ அவன் கட்டாரில் ஏசி திருத்தினான் என்று நம்புகிறது, அவ்வளவு போதும்.

வழக்குகள் சின்னதாக இருக்கட்டும். சீட்டுக்காசோடு மறைந்தவள், வாவிக்கரையில் காணாமல்போன தோணி எஞ்சின், இப்படி. அது அந்த எபிசோடிலேயே முடியவேண்டும், அவனை யார் மாட்டிவிட்டது என்ற பெரிய கேள்வி மட்டும் ஓரடி ஓரடியாக நகரட்டும்.

மைக்கேல் தன் தொழில் நுட்பங்களைப் பாடம் நடத்துகிற மாதிரிப் பின்னணியில் சொல்லிக்கொண்டே போவான். அந்தக் குரலை எடுங்கள், சொல்லும் விஷயம் நம்முடையதாக இருக்கட்டும்: "கல்லடிப் பாலத்தில் ஒருவனைப் பின்தொடர்வது லேசு, நடுவில் இறங்கி ஓட வழியில்லை. ஆனால் பாலம் முடியமுதல் மூன்று பேராவது 'எங்க மகன் போறாய்?' என்று கேட்டுவிடுவார்கள்." அங்கே பழைய பாலமும் புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எதிரி புதுப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகட்டும், நம்மவன் பழைய பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குள்ளால் பார்த்துக்கொண்டே நடக்கட்டும். காசில்லாமலே நல்ல காட்சி கிடைக்கும்.

மைக்கேலின் ஃபிரிட்ஜில் எப்போதும் யோகட் இருக்கும். நம்மவனுக்கு எருமைத் தயிர்ச் சட்டி. கழுவிக் கவிழ்த்த சட்டிகளுக்குள் ஒன்றின் கீழேதான் அவனுடைய இரண்டாவது பாஸ்போர்ட்! கட்ட, இழுக்க எல்லாவற்றுக்கும் நீளமாக வெட்டிய சைக்கிள் டியூப்.

பாலத்தில் காற்று இரையும், வசனம் ஒன்றும் கேட்காது. குரலை அப்புறம் வீட்டில் பதியுங்கள், போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பேசினால் எதிரொலி வராது. நடுவில் அக்கா வந்து கதவைத் தட்டினால் அதையும் வெட்டாமல் வையுங்கள்.