கால் எலும்பு உடைஞ்ச பேஷன்ட்டுக்கு கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமான்னு சந்தேகமா? பிளட் ரிப்போர்ட்ட இப்படி பாருங்க

கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம்னா, சதைய சுத்தியிருக்க இறுக்கமான உறைக்குள்ள பிரஷர் ஏறி சதைக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சு போறது. முழங்காலுக்கு கீழ எலும்பு உடைஞ்சு அட்மிட் ஆனவரு நடுராத்திரில வலி தாங்கலன்னு கத்துறாரு, நீங்க சிகே (சதை சேதமானா ரத்தத்துல ஏறுற என்சைம்) டெஸ்ட் அனுப்பிட்டு ரிப்போர்ட் வரட்டும்னு உக்காந்துட்டீங்கன்னா தப்பு அங்கயே ஆரம்பிச்சுடுச்சு. ஆடுசதை கல்லு மாதிரி இறுகியிருக்கா, கட்டைவிரல லேசா கீழ மடக்குனாலே துடிக்கிறாரா, வலிக்கு ஊசி போட்டும் அடங்கலையா, அப்ப மாவுக்கட்ட உள்பஞ்சோட சேத்து தோல் தெரியுற வரைக்கும் வெட்டி விடுங்க, கால தலகாணில தூக்காம நெஞ்சு மட்டத்துல வைங்க, சீனியருக்கு போன் போடுங்க. பாதத்துல பல்ஸ் அடிக்குதேன்னு ஏமாறாதீங்க, அது போறது கடைசில தான்.

பிளட் டெஸ்ட் கை கொடுக்குறது வலிய சொல்ல முடியாதவங்களுக்கு. தலைல அடிபட்டவங்க, வென்டிலேட்டர்ல இருக்கவங்க, எபிடூரல் (முதுகுல போடுற மரத்துப்போற மருந்து) போட்டவங்க, சின்ன குழந்தைங்க. பிரஷர் அளக்குற வசதி இருந்தா அதுவும் பாருங்க, டயஸ்டாலிக் பிபி-ல இருந்து சதைக்குள்ள இருக்க பிரஷர கழிச்சா 30 mmHg-க்கு கீழ வந்தா ஆபத்து.

இப்ப சிகே. நார்மல் சுமார் 200 U/L வரைக்கும், ஆனா எலும்பு உடைஞ்சாலே ஏறும், ஆபரேஷன் பண்ணா ஏறும், வர்ற வழில யாரோ இடுப்புல போட்ட டைக்ளோ வலி ஊசிக்கு கூட ஏறும் (இத யாரும் கேஸ் ஷீட்ல எழுதுறதே இல்ல). அதனால ஒத்த நம்பர வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, 6 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி எடுங்க. உதாரணத்துக்கு 900, அப்புறம் 2,400, அப்புறம் 5,800-னு ஏறிக்கிட்டே போகுது, காலும் இறுகுதுன்னா யோசிக்கவே வேணாம், சீனியர கூப்பிடுங்க. ரிப்போர்ட் வந்த நேரத்த இல்ல, ரத்தம் எடுத்த நேரத்த சார்ட்ல எழுதுங்க, இல்லன்னா காலைல ரவுண்ட்ஸ்ல யாருக்கும் எதுவும் புரியாது.

முதல் சிகே நார்மலா இருந்தா நிம்மதியாகாதீங்க. சதை அடிபட்டு சில மணி நேரம் கழிச்சு தான் அது ரத்தத்துல தெரியும், உச்சத்துக்கு போக ஒண்ணு ரெண்டு நாள் ஆகும், ஆனா ரத்த ஓட்டம் இல்லாம சதை தாங்குறது சுமார் 6 மணி நேரம் தான்.

யூரின் பைய ஒரு தடவ லைட் வெளிச்சத்துல தூக்கி பாருங்க. டிகாஷன் கலர்ல இருக்கா, ஸ்ட்ரிப்ல பிளட் பாசிட்டிவ் வருது, மைக்ரோஸ்கோப்ல சிவப்பணுவே இல்லன்னா அது பெரும்பாலும் சதைல இருந்து வர்ற மயோகுளோபின், கிட்னிக்கு ஆபத்து. கூடவே கிரியேட்டினின், பொட்டாசியம் அனுப்புங்க. பொட்டாசியம் எகிறியிருந்தா சாம்பிள் ஹீமோலைஸ் ஆச்சான்னு (அதுல சிவப்பணு உடைஞ்சு போச்சான்னு) லேப்ல கேளுங்க, ஆனா அதுக்குள்ள ஈசிஜி எடுத்துடுங்க. லாக்டேட் (ஆக்ஸிஜன் பத்தாதப்ப ரத்தத்துல ஏறுறது) எதுக்கு வேணா ஏறும், நான் அத பெருசா நம்புறதில்ல.

ஃபேசியாட்டமி (பிரஷர் இறங்க சதையோட உறைய வெட்டி திறக்குற ஆபரேஷன்) முடிஞ்சதும் சிகே-வ நிறுத்திடாதீங்க. ரெண்டு மூணு நாள்ல இறங்கணும். இறங்காம இன்னும் ஏறுதுன்னா முழங்காலுக்கு கீழ இருக்க நாலு சதை அறையும் திறந்தாங்களான்னு தைரியமா கேளுங்க, பின்பக்கம் ஆழத்துல இருக்கதுதான் அடிக்கடி விட்டுப்போகும்.