கிணற்று மோட்டரை மாற்ற வேண்டுமா? வாங்க முதல் அளந்து பாருங்கள்

தண்ணீர்த் தாங்கி நிரம்பப் பிந்துகிறது, கரண்ட் பில் ஏறுகிறது என்றவுடன் அரை எச்.பி. மோட்டரைக் கழற்றிவிட்டு ஒரு எச்.பி. பூட்டுவது யாழ்ப்பாணத்து வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது தேவையற்ற செலவு. பழுது வால்விலோ குழாயிலோ வயரிலோ இருக்க, மோட்டர் பழியைச் சுமக்கிறது. அதைவிட முக்கியமான விடயம், பெரிய மோட்டர் எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றையே உவராக்கிவிடலாம். கடைக்குப் போக முதல் மூன்று அளவுகளை எடுங்கள். அளவுநாடா, 20 லீற்றர் வாளி, செக்கன் காட்டும் கைபேசி இருந்தால் போதும்.

முதலாவது உயரம். கிணற்றின் நீர்மட்டத்திலிருந்து மேல்தாங்கியில் தண்ணீர் விழும் இடம்வரை நேர்குத்தாக அளக்க வேண்டும். நீர்மட்டம் மோட்டருக்குக் கீழே 5 மீற்றர், தாங்கி மோட்டருக்கு மேலே 6 மீற்றர் என்றால் 11. குழாய் உராய்வுக்கு ஒன்று, இரண்டு மீற்றர் சேர்த்து 12 அல்லது 13 என்று எடுங்கள். மார்கழியில் கிணறு நிரம்பி நிற்கும்போது அளந்த கணக்கை நம்பி மோட்டர் வாங்கக் கூடாது. ஆவணி, புரட்டாதியில் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறதோ அதுதான் உங்கள் கணக்கு.

இரண்டாவது ஓட்டம். தாங்கிக்கு ஏறும் குழாயின் வாயில், அதே உயரத்தில், வாளியைப் பிடித்து நிரம்ப எத்தனை செக்கன் என்று பாருங்கள். நிலத்தில் உள்ள பைப்பில் பிடித்துப் பார்த்தால் உயரம் குறைவதால் ஓட்டம் கூடுதலாகவே தெரியும். அந்த அளவு உதவாது. 20 லீற்றர் 48 செக்கனில் நிறைந்தால் நிமிடத்துக்கு 25 லீற்றர்.

மூன்றாவது மின்சாரம். குளிரூட்டி, மின்விசிறி, விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டரை மட்டும் ஓடவிடுங்கள். இலத்திரனியல் மீற்றரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். ஒரு யூனிற்றுக்கு எத்தனை மினுக்கம் என்பது மீற்றர் முகப்பிலேயே எழுதியிருக்கும். 1600 என்று இருந்து, ஒரு நிமிடத்தில் 16 தடவை மினுங்கினால், 16ஐ 60ஆல் பெருக்கி 1600ஆல் பிரியுங்கள்: 0.6 கிலோவாற். தட்டுச் சுற்றும் பழைய மீற்றரிலும் இதே கணக்குத்தான். மினுக்கத்துக்குப் பதில் தட்டில் உள்ள கறுப்புக் கோடு எத்தனை தடவை வருகிறது என்று எண்ண வேண்டும்.

இப்போது 1000 லீற்றர் ஏற்ற ஆகும் செலவு தெரியும். நிமிடத்துக்கு 25 லீற்றர் என்றால் 40 நிமிடம், 0.6 கிலோவாற்றில் 40 நிமிடம் ஓடினால் 0.4 யூனிற்.

இந்த எண் நல்லதா கெட்டதா? 1000 லீற்றரை 12 மீற்றர் உயர்த்த இயற்கை கேட்பது 0.033 யூனிற் மட்டுமே. மீதி மோட்டரின் சூட்டிலும் பம்பின் உள்ளேயும் கரைகிறது. நல்ல நிலையில் உள்ள அரை எச்.பி. சென்றிபியூகல் பம்பு 0.15 முதல் 0.2 யூனிற்றுக்குள் முடிக்க வேண்டும். விளிம்பில் பல் வெட்டிய சிறிய இம்பெலர் (பம்பின் உள்ளே சுழலும் சக்கரம்) உள்ள மலிவு வகை புதிதாக இருக்கும்போதே 0.3 அளவில் எடுக்கும். 0.45ஐத் தாண்டினால் எங்கேயோ பழுது இருக்கிறது. ஆனால் பணக் கணக்கையும் பாருங்கள். நாளுக்கு 1000 லீற்றர் பாவிக்கும் வீட்டில் 0.5இலிருந்து 0.2க்கு இறக்கினால் மாதம் 9 யூனிற் மிச்சம். 500 லீற்றர் பாவிப்பவருக்கு நாலரை. மின்சாரக் கட்டணம் படிமுறையானது என்பதால் அந்த யூனிற்றுகள் உங்கள் பில்லின் கடைசிப் படியிலிருந்து கழியும். அந்தப் படியின் விலையால் பெருக்கி, மோட்டர் விலையோடு ஒப்பிடுங்கள். பலருக்கு மின்சார மிச்சம் மட்டும் மோட்டரை மாற்றப் போதிய காரணமாக இராது.

எண் மோசமாக இருந்தால் பழுதைத் தேடுங்கள்.

ஒவ்வொரு காலையும் மோட்டருக்குள் தண்ணீர் விட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கிறதா? கிணற்றுக்குள் உறிஞ்சு குழாயின் அடிமுனையில், தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிகிறது. எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. வால்வின் மூடி அமரும் இடத்தில் வெள்ளைப் படிவு ஏறி, அது முழுதாக மூடாது. கழற்றி வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டு, மென்மையான தூரிகையால் தேய்த்தால் பல வால்வுகள் பிழைக்கும். றப்பர் தேய்ந்திருந்தால் புதிதாகப் போடுங்கள். மோட்டர் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை.

தண்ணீர் குமிழியோடு விட்டுவிட்டு வந்தால் உறிஞ்சு குழாயில் காற்று நுழைகிறது. அந்தப் பொருத்துகளில் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். மோட்டர் ஓடும்போது சவர்க்கார நுரையைப் பூசுங்கள். நுரை எங்கே உள்ளிழுபடுகிறதோ அங்கேதான் ஓட்டை. உறிஞ்சு குழாய் கிணற்றிலிருந்து மோட்டர்வரை தொடர்ந்து ஏறிக்கொண்டே வர வேண்டும். நடுவில் மேடு விழுந்தால் அங்கே காற்றுத் தங்கும், எந்த எச்.பி. போட்டாலும் தீராது.

அடுத்தது குழாய் அகலம். பம்பு வாய் ஒரு இஞ்சியாக (அங்குலமாக) இருக்க, தாங்கிக்கு முக்கால் இஞ்சிக் குழாய் போட்ட வீடுகள் ஏராளம். உள்விட்டம் ஒன்றிலிருந்து முக்காலாகக் குறைந்தால், அதே ஓட்டத்துக்கு உராய்வு நாலு மடங்காகிறது. நிமிடத்துக்கு 40 லீற்றர் ஓடும் 30 மீற்றர்க் குழாயில், ஒரு இஞ்சியென்றால் இழப்பு இரண்டரை மீற்றருக்குள். முக்கால் இஞ்சியென்றால் ஒன்பது மீற்றருக்கு மேல். தாங்கியை இன்னும் இரண்டு மாடி உயர்த்தி வைத்ததற்குச் சமம். எங்கள் அனுபவத்தில் புது மோட்டரை விடப் புதுக் குழாய்தான் அதிக தண்ணீர் தந்திருக்கிறது.

மோட்டர் உறுமுகிறது, சுழலவில்லை என்றால் மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் பின்பக்க விசிறியைத் திருப்பிப் பாருங்கள். இலகுவாகத் திரும்பினால் மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் இறந்திருக்கும். அதன் மேல் எழுதிய அதே மைக்ரோபரட், அதே வோல்ற் அளவில் வாங்குங்கள். கழற்ற முதல் அதில் தேங்கிய மின்னை ஒரு மின்தடை வழியாக இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரண்ட் அடிக்கும். விசிறி அசையாவிட்டால் இம்பெலர் துருவில் ஒட்டியிருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பவர்கள் அநேகமாகச் சந்திப்பது இதைத்தான். அப்படியே சுவிச்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் நல்ல வைண்டிங் (மோட்டருக்குள் சுற்றிய கம்பி) எரிந்துபோகும்.

பின்னேரங்களில் மட்டும் திணறினால் வோல்ற்றேஜை அளக்கச் சொல்லுங்கள். 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 190 வந்தால் மோட்டரின் தொடக்க முறுக்குவிசை மூன்றில் இரண்டாகிவிடும். வீட்டிலிருந்து கிணற்றடிவரை மெல்லிய வயர் இழுத்திருந்தால் இன்னும் குறையும். ஒரு எச்.பி. மோட்டர் தொடங்கும் கணத்தில் 25 அம்பியர் அளவில் இழுக்கும். 30 மீற்றர் தூரத்துக்கு ஒரு சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் வழியிலேயே 27 வோல்ற் போய்விடும். இரண்டரை சதுர மில்லிமீற்றர் என்றால் 11.

இனிக் கிணறு. குடாநாட்டின் அடியில் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலநீரியலின் பொதுக் கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். புத்தூர்ப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. உங்கள் வளவுக்குக் கீழேயும் அதே அமைப்புத்தான். எட்டடி அகலக் கிணற்றில் 1000 லீற்றர் எடுத்தால் 21 சென்ரிமீற்றர் இறங்கும். அதை 18 நிமிடத்தில் உறிஞ்சுவதும் 45 நிமிடத்தில் எடுப்பதும் ஊற்றுக்கு ஒன்றல்ல. மெதுவாக எடுத்தால் பக்க ஊற்று ஈடுசெய்யும். வேகமாக எடுத்தால் அடியிலிருந்து வரும். மோட்டர் தொடங்கும்போது ஒரு போத்தல், நிறுத்தும்போது ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து, உவர் கூடக் கூடும் மின்கடத்துதிறனைக் காட்டும் சிறு கைக்கருவியால் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டாவது கூடினால் பெரிய மோட்டர் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அரை எச்.பி.யைக் காலை ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று பிரித்து ஓட்டுங்கள். வால்வையும் அடியில் கிடத்தாமல், கோடைக்கால மட்டத்துக்கு இரண்டடி கீழே தூக்கி வையுங்கள். தீவகத்திலும் கரையோர ஊர்களிலும் இதை நாங்கள் கெஞ்சிக் கேட்கிறோம்.

அப்படியென்றால் எப்போது மாற்றுவது? வைண்டிங் எரிந்து மறுபடி சுற்றும் கூலி புது மோட்டர் விலையில் பாதியைத் தாண்டினால். எல்லாவற்றையும் திருத்திய பிறகும் எண் 0.45க்கு மேல் நின்றால். மோட்டரின் உடலில் கரண்ட் கசிந்து, கசிவைக் கண்டு மின்னை நிறுத்தும் ட்ரிப் சுவிச் விழுந்தால், அன்றே. கோடையில் நீர்மட்டம் மோட்டருக்குக் கீழே 7 மீற்றரைத் தாண்டினால், மேலே இருக்கும் சாதாரண மோட்டர் ஒழுங்காக உறிஞ்சாது. காற்றழுத்தம் நடைமுறையில் தூக்கக்கூடிய எல்லை ஏறத்தாழ அது. அங்கே எச்.பி.யைக் கூட்டுவது வீண். நீர்மூழ்கி மோட்டர் போடுங்கள், அல்லது மாரி மட்டத்துக்கு மேலே ஒரு தட்டுக் கட்ட முடிந்தால் மோட்டரைக் கிணற்றுக்குள் இறக்குங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் இயந்திரத்தை மட்டும் ஒருபோதும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள். புகை ஆளைக் கொல்லும்.

வாங்கும்போது தகட்டில் உள்ள ஆகக்கூடிய உயரமும் ஆகக்கூடிய ஓட்டமும் ஒன்றாகக் கிடைக்காது என்பதை நினைவில் வையுங்கள். ஆகக்கூடிய உயரத்தில் ஓட்டம் பூச்சியம். உங்கள் 13 மீற்றரில் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் என்று அட்டவணையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 40 முதல் 50 லீற்றர் வந்தால் ஒரு வீட்டுக்குத் தாராளம். உவர் கலந்த கிணற்றுக்குப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு இம்பெலர், வார்ப்பிரும்பு வேண்டாம். எர்த் வயரும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிச்சும் இல்லாமல் நீர்மூழ்கி மோட்டரை இறக்க விடாதீர்கள். அது இறங்கிய கிணற்றுக்குள் ஆள் இறங்க முதல் மெயின் சுவிச் நிறுத்தப்பட வேண்டும்.

பூட்டி முடிந்த அன்றே மூன்று அளவுகளையும் மறுபடி எடுத்து, திகதியோடு மோட்டர்ப் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டுங்கள். அடுத்த புரட்டாதியில் அதே அளவை எடுக்கும்போது எது தேய்ந்தது என்று உடனே தெரியும்.